இந்த வருஷம் அவள் பெயர் இருக்கட்டும்

திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரே, வருமான வரிக் கணக்கு போட்டுத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒல்லியான ஆள், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கம்ப்யூட்டரில் தட்டுகிற ஒவ்வொரு வரியையும் நமக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்.

இறந்துபோன என் வீட்டுக்காரரின் பேரில் எனக்கு வரும் பென்ஷனுக்கு வரிக்கணக்கு போட இந்த ஆண்டும் அவரிடம் போனேன். நடக்க முடியாத என் மகளைக் காட்டி, வரி போடும் வருமானத்தில் ஒரு தொகையைக் கழிப்பது வழக்கம். அவள் பெயரைப் படித்தார்.

“அவ ஐப்பசியில போயிட்டாப்பா. பேர எடுத்துடு. பொய்க்கணக்கு எனக்கு வேணாம்.”

“பொய் இல்லீங்கம்மா. வருஷத்துல கொஞ்ச நாள் உசுரோட இருந்தாலே முழுசா கழிக்கலாம்னு சட்டத்துல கீது. இந்த வருஷம் பேரு இருக்கட்டும்.”

“அடுத்த வருஷம்?”

கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “எடுத்துடணும்ங்க.”

அவள் பெயரை அந்த மனிதர் கையால் எடுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கு, அவள் பெயரே தெரியாத வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.