காசியில் தொலைந்தவர்

அத்தானின் மங்கி குல்லா அரக்கு நிறம். காசியில் பனி கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதுரையில் கடை கடையாக ஏறி வாங்கியது. ராஜபாளையம் ஸ்டேஷனில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து காட்டினார். அக்காவின் கணவர். பேண்டேஜ் துணி நெய்யும் ஃபாக்டரி வைத்திருந்தார். வியாபாரத்துக்காக பம்பாய் போய் வந்தவர் என்பதால், எங்கள் குடும்பத்தில் இந்தி தெரிந்த ஒரே ஆள். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சராகச் சேர்ந்திருந்த புதிது. சுவர்ப்படத்தில் குச்சி வைத்துக் காட்டும் ஊர்களையெல்லாம் சாவதற்குள் காலால் மிதித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. “அத்தான் கூடப் போறதுன்னா போ” என்று அப்பா அனுமதி கொடுத்த முதல் ஊர் காசி.

போய்ச் சேர்ந்த மறுநாள், பட்டுப்புடவையை மொத்த விலைக்குப் பேசி வாங்கி வருவதாகச் சொல்லி, எங்கள் இருவரையும் படித்துறையில் உட்காரவைத்துவிட்டுப் போனார். உச்சிவேளை கடந்தும் வரவில்லை. அக்கா அழ ஆரம்பித்தாள். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் சந்துகளுக்குள் நுழைந்தேன். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, ஆறு எனக்குக் கிழக்கே இருக்கிறது; இந்த இரண்டும் தெரிந்தால் போதும், எவ்வளவு வளைந்த சந்தானாலும் திரும்பி வந்துவிடலாம். எனக்குத் தெரிந்த நாலு இந்திச் சொற்களோடு குல்லாவை ஜாடையில் காட்டிக் காட்டி விசாரித்தேன். ஒரு லஸ்ஸிக் கடை பெஞ்சில் இருந்தார். குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி, சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். கடைக்காரர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். படித்துறை வரும்வரை விடவில்லை.

திரும்பி வரும் ரயிலில், அத்தான் தூங்கிய பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவிய அழுததை யார்ட்டயும் சொல்லிராதட்டி. நான் அந்த வீட்ல இருந்து பொழைக்கணும்.” சரி என்றேன். நான் யாரிடமும் சொல்வதாகவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தான் சொல்லிவிட்டார்: “மாமா, ஒங்க சின்ன மகளைக் காசியில தொலைச்சுட்டு நான் பட்ட பாடு இருக்கே! ஒரு கடை வாசல்ல உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. என் சட்டையைப் பிடிச்சவ, ஆத்தங்கரை வர்ற வரைக்கும் விடலையே!” நடந்தது அத்தனையும் இருந்தது. ஆள் மட்டும் மாறியிருந்தது. அப்பா என்னைப் பார்த்து, “நெசமாட்டி?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். அவள் கண்களைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

அந்தக் கதை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைவிட வேகமாக வந்து சேர்ந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளே எனக்குத் ‘தொலைஞ்ச டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து இமயமலைக்குப் போனபோது அப்பா என்னை விடவில்லை. “காசியில தொலைஞ்சவ மலையில தொலைய மாட்டியாக்கும்?” ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அத்தான் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல என் அழுகை கூடிக்கொண்டே போனது. அப்பா கடைசிவரை அதை நம்பினார். படுக்கையில் கிடந்தபோதுகூட, “தனியா எங்கயும் போயிராத தாயி” என்றுதான் சொன்னார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுக்க முடியவில்லை.

அப்பா போன பிறகு, லீவு கிடைத்தபோதெல்லாம் தனியாகவே கிளம்பினேன். லடாக், மானசரோவர், சிரபுஞ்சி, கட்ச்சின் வெள்ளை உப்புவெளி, பிரம்மபுத்திராவுக்கு நடுவில் இருக்கும் மாஜுலித் தீவு. எங்கும் தொலையவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், வன்னியம்பட்டிப் பக்கம் ஸ்கூட்டரில் வரும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. பனிப்பாறையில் வழுக்காத கால் அங்கே முறிந்தது. தொடையில் பிளேட் வைத்து, மாதக்கணக்கில் வீட்டை விட்டு அசையக்கூடாது என்றார் டாக்டர்.

அத்தான் பார்க்க வந்தார். பழம் வாங்கி வரவில்லை. ஃபாக்டரியிலிருந்து ஒரு பை நிறையப் பேண்டேஜ் ரோல் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். “ஊரைச் சுத்துன காலை இனி இதால சுத்திக்கிட்டுக் கெட. அன்னைக்கே காசியில விட்டுட்டு வந்திருக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார். பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்தாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் போனை எடுத்து, பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியைத் திறந்தேன். சிரபுஞ்சி என்று சொன்னால் அது ‘சேர பஞ்சு’ என்று எழுதும். திருத்தித் திருத்தி, போன ஊர்களையெல்லாம் படுத்தபடியே மறுபடியும் போய் வந்தேன். பிறகு புத்தகமாக வந்த அதைப் படித்தவர்கள், இயற்கையின்மேல் எனக்குள்ள காதலைப் பற்றி எழுதுகிறார்கள். இருக்கலாம். வலி உயிரை எடுத்த நாட்களில் என்னை எழுதவைத்தது வேறு. மானசரோவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும், எந்த இடத்தில் காசியை வைப்பது என்றுதான் மனசு கணக்குப் போட்டது. கடைசியில் முதல் அத்தியாயமாகவே வைத்தேன். லஸ்ஸிக் கடை, பெஞ்சு, விக்கல், முந்தானை. ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் பொய் என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழி கிடைத்திருக்கும்.

சிவகாசியில் அச்சானது. ராஜபாளையத்தில் ஒரு வாசகர் வட்டத்தார் வெளியீட்டு விழா வைத்தார்கள். “குடும்பத்துல மூத்தவன் நான்தான்” என்று சொல்லி அத்தான் தலைமை தாங்க முன்வந்தார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. வாக்கரை ஊன்றிப் போய் நானே அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். “அத்தான், ஒங்க குரல்ல ஒரு பக்கம் வாசிங்க. சபைக்குச் சந்தோசமா இருக்கும்.”

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். படித்துறை வந்தது. சந்து வந்தது. குல்லா வந்ததும் குரல் இறங்கியது. ‘பெஞ்சில் அமர்ந்து’ என்பதோடு நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. கண்ணுக்குத் தெரியல” என்றார். முன்வரிசையில் அவருடைய சம்பந்தி, ஃபாக்டரி ஆட்கள், எத்தனையோ பந்திகளில் அவர் கதைக்குச் சிரித்த சொந்தக்காரர்கள்.

இதுவரைதான் என் திட்டம். இதற்குமேல் நடந்தது என் கையில் இல்லை. அக்கா எழுந்து மேடைக்கு வந்தாள். அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டி, மெதுவாக, முந்தானை வரைக்கும் வாசித்தாள். வாசித்துவிட்டு மைக்கில் சொன்னாள்: “அம்புட்டும் நெசம். அவிய இவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு வந்ததை நான் என் கண்ணால பாத்தேன்.” பிறகு இறங்கிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் அங்கவஸ்திரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்திருந்தேன். வரவில்லை. அப்பா இந்தக் கூட்டத்தில் இல்லையே என்பது ஒன்றுதான் குறையாக இருந்தது.

அதற்குப் பிறகு அத்தான் விசேஷங்களுக்கு வந்தாலும், பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். அக்கா அவரோடுதான் இருக்கிறாள். முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள். போன வாரம் அவர்கள் மகன் போன் செய்தான். “சித்தி, புத்தகம் ரெண்டாந்தரம் அச்சடிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துருங்களேன். அப்பா ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாரு.”

“எடுக்க முடியாதுப்பா” என்றேன். “ஆனா அச்சகத்துல சொல்லியிருக்கேன். இந்தத் தடவை எழுத்தை நல்லாப் பெருசாப் போடுவாங்க.”