குகைக்குள் சித்திரை வீதி

போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, என் மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "அம்மா, ஒரு குகை கேம் பத்தி எப்பப் பாத்தாலும் சொல்லுவியே, அது மேல பைத்தியமா இருந்தவங்க கொஞ்ச பேர் சேர்ந்து மறுபடி பண்ணியிருக்காங்க. பழைய குகை அப்படியே இருக்கு, அதுக்கப்புறம் புதுக் கதை. சும்மாவே கொடுக்கறாங்க" என்றாள். சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு சாம்பார் அடிப்பிடித்தது.

என்ன அழகு என்கிறீர்கள்! சுவரில் பந்தம் எரிகிறது, கூட வரும் மந்திரவாதி வாயைத் திறந்து பேசுகிறான். நாங்கள் ஆடிய காலத்தில் சுவர் என்றால் வெறும் கோடு. பூதம் என்றால் ஒரு பச்சைக் கட்டம். செத்தால் மறுபடி வாசலிலிருந்து நடக்க வேண்டும். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாசமாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்தப் பச்சைக் கட்டத்தைக்கூட ஒரு மூலையில் வேடிக்கைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் இதில் நாம் நடக்க நடக்க ஓரத்தில் வரைபடம் தானே வரைந்துகொள்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் குகைக்கு வரைபடம் போட்டவள் வைதேகி.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மருங்காபுரியிலிருந்து வந்து, மன்னார்புரத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, மலைக்கோட்டைக் கடைவீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜவுளிக்கடை மாடி. புது அட்டையும் மையும் மூலையில் தடவும் மஞ்சளும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் யாராவது பத்திரிகை நீட்டினால் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். கொடுக்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பக்கத்து நாற்காலி வைதேகியுடையது. ஸ்ரீரங்கத்துப் பெண், அப்பா கோயிலில் பிரபந்தம் பாடிச் சேவிப்பவர். அவள் டப்பாவில் புளியோதரை, என் டப்பாவில் ஹாஸ்டல் உப்புமா. பகிர்ந்து உண்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை அவளுக்கு இருக்க நியாயமில்லை. இருந்தாலும் கொடுப்பாள், திட்டிக்கொண்டே கொடுப்பாள். எதற்கும் சண்டைதான். மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முதலாளியிடமே நாள்கணக்கில் மல்லுக்கு நின்றவள்.

முதலாளி மதியம் சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். பழசாக வாங்கிய கம்ப்யூட்டர், அதில் யாரோ விட்டுப்போன விளையாட்டு. நான் பட்டனைத் தட்டுவேன், அவள் வழி சொல்லுவாள். வீணாய்ப்போன பத்திரிகையின் பின்பக்கத்தில் கோலத்துக்கு வைக்கிற மாதிரி புள்ளி வைத்து, கோடு இழுத்து, ஒவ்வொரு சந்துக்கும் ஸ்ரீரங்கத்துத் தெருப் பெயரை எழுதிவிட்டாள். ஸ்ரீரங்கம் மாதிரியே குகையும் சுற்றுக்குள் சுற்றாகத்தான் இருந்தது.

"நான் இப்ப எங்கடி நிக்கறேன்?"

"கீழச் சித்திரை வீதி. நேரே போகாதே, அங்க பூதம் இருக்கு. திரும்பு, திரும்புடி!"

தேட வேண்டியது ஒரு மாணிக்க மணி. அது நடுவில்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "இத்தனை மதில் சுத்திக் கட்டியிருக்கான்னா உள்ள பெருமாள் இல்லாம வேற என்னடி இருக்கும்?" ஓரத்திலும் தேடிப் பார்க்கலாமே என்றேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றாள். நடுவுக்குப் போனால் ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் மணி என்பாள். விழுவோம், சாவோம். மறுநாள் புளியோதரையைத் தின்றுவிட்டு மறுபடியும் போய் அதே பள்ளத்தில் விழுவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் செத்ததில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. பத்திரிகையை நாங்களே அடித்தோம். கிளம்பும்போது, "நடுவுல என்ன இருந்ததுன்னு பாத்துட்டு எனக்குச் சொல்லு. நான்தான் ஜெயிச்சிருப்பேன், பாரு" என்றாள். நான் பார்ப்பதற்குள் முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கி, பழையதைத் தள்ளிவிட்டுவிட்டார். இப்போது அந்த மாடியில் மொபைல் கவர் விற்கிறார்கள். வைதேகியும் நானும் போனில் பெருமாள் படங்களை அனுப்பிக்கொள்வதோடு சரி.

புது விளையாட்டில் தொலைந்துபோகவே முடியவில்லை. தொலைந்துபோகாவிட்டால் பக்கத்தில் ஆள் எதற்கு? தனியாகவே நடந்தேன், இரண்டொரு நாளில் மணி கிடைத்துவிட்டது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? வெளிச்சுற்றில், நுழைகிற வாசலுக்குப் பக்கத்துச் சுவரில்! நடுவில் வெறும் பள்ளம்தான். மணியை எடுக்கக்கூட இல்லை, போனை எடுத்தேன்.

"வைதேகி, நடுவுல ஒண்ணுமே இல்லடி! வாசல்லயே இருந்திருக்கு!"

'போடி, அந்த கேம் பண்ணினவனுக்கு என்ன தெரியும்' என்று பாய்வாள் என்று காத்திருந்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

"எதுடி? கேமா? நாமளா?"

கடை, புள்ளி, சித்திரை வீதி, பள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஓ... ஆமாம் ஆமாம், ஞாபகம் வரது" என்றாள் கடைசியில், என் மனசு நோகக்கூடாது என்று. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்டி."

என் வைதேகி அந்த வார்த்தையை ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். அப்புறம் மூட்டுவலி பற்றிப் பேசினோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். போனை வைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்தது நான்தான். இல்லவே இல்லை என்று சண்டைக்கு வரத்தான் இனி யாருமில்லை.