இருபது அடி பேனரில் அப்பா

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம். உத்திரமேரூர்லேர்ந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற எங்க கிராமத்துல நடந்தது. என் பொண்டாட்டிகிட்டகூட இதை முழுசா சொன்னதில்ல. பெருமையா சொல்லிக்கிற விஷயமா இருந்தாத்தானே!

அந்த வருஷம் ஆவணியில எங்க அப்பா தவறிட்டார். காலையில மோட்டார் போட கழனிக்குப் போனவர், வரப்பு மேல உட்கார்ந்த மேனிக்கே சாய்ஞ்சிட்டார். எங்க கழனியில வேலை செய்யற இருளர் ஒருத்தர்தான் முதல்ல பார்த்திருக்கார். ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டு இருக்கிற குடும்பம். அப்பாவைத் தோள்ல போட்டுக்கினு மெயின் ரோடு வரைக்கும் ஓடியாந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அப்பாவோட சாவு எடுப்பு அன்னிக்கு அந்த மனுஷன் கூட்டத்துக்கெல்லாம் பின்னாடி, புளிய மரத்துகிட்ட நின்னுக்கினு இருந்தார். நான் பார்த்தேன். கிட்ட போய் ஒரு வார்த்தை பேசல.

எனக்கு அப்போ வேற வேலை இருந்துச்சு. எடுப்பை ஊரே மூக்கு மேல விரல் வைக்கிற மாதிரி செய்யணும். பூப்பல்லக்கு, மேளம், பட்டாசு எல்லாம் சொன்னேன். அதோட பஸ் ஸ்டாப் திருப்பத்துல இருபது அடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அப்பாகிட்ட நல்லதா ஒரு போட்டோ இல்ல. உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர் ஆதார் கார்டுலேர்ந்து தலையை மட்டும் எடுத்து, யாரோட சஃபாரி சூட்டுக்கு மேலயோ ஒட்டிக் குடுத்தார். ஆயுசுக்கும் துண்டும் வேட்டியுமா இருந்த மனுஷன் அதிகாரி மாதிரி நின்னார்! கீழே 'கண்ணீருடன்'னு போட்டு வரிசையா எங்க போட்டோ. என்னோடது ஏற்காடு டூர்ல எடுத்தது, கூலிங் கிளாஸோட. கும்பிடற கையைக்கூட கம்ப்யூட்டர்லதான் ஒட்டினாங்க. அந்த லட்சணத்துல என் கண்ணீர்.

பதினாறாம் நாள் காரியத்துலயும் குறை வைக்கல. ஐயர் சொன்ன தானமெல்லாம் குடுத்தேன். செருப்பு, வேட்டி, செம்பு, அப்புறம் ஒரு குடை. அப்பா போற வழியில வெயிலோ மழையோ மேல படக்கூடாதுன்னுதான் குடை குடுக்கறதுன்னு ஐயர் விளக்கம் சொன்னார். சாதாரண குடை வெச்சிருந்தாங்க. அதைத் திருப்பி அனுப்பிட்டு, நல்ல கம்பெனி குடையா வாங்கியாரச் சொல்லிக் குடுத்தேன். அம்மா அந்தக் குடையையே பார்த்துக்கினு இருந்தாங்க.

ஐப்பசி மழை ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம் பேனரைக் காணோம். சவுக்குக் கட்டை மட்டும் சாய்ஞ்சு நிக்குது. எனக்கு உடனே பங்காளி மேலதான் சந்தேகம். வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத ஆளு, வேற யார் செய்வான்? டீக்கடையில நாலு பேர் எதிர்ல அவரை ஏக வசனத்துல பேசிட்டேன். அவரும் விடல, கைகலப்பு ஆவாததுதான் பாக்கி. செத்தவரைக்கூட நிக்க விடமாட்டேங்கறானுங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

அந்த ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை மேல பைக்ல வந்துக்கினு இருந்தேன். மழை தூறிக்கினு இருந்துச்சு. எதேச்சையா கீழே பார்த்தா, ஒரு குடிசையோட கூரை ஓரத்து இறவாணத்துல நான் தொங்கறேன்! கூலிங் கிளாஸு, கும்பிட்ட கை, எல்லாம் தலைகீழா. கீழே ஒரு ஆடு நனையாம ஒதுங்கி நின்னு அசை போட்டுக்கினு இருக்குது. பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியற மாதிரி கூரை மேல கட்டியிருக்காங்க. ஓரம் மட்டும் மடங்கி வெளியே வந்திருக்குது.

எனக்கு எங்கேர்ந்து அவ்ளோ கோபம் வந்துச்சுன்னு தெரியல. இல்ல, தெரியும். எங்க அப்பா போட்டோ இவங்க குடிசை மேலயான்னுதான் முதல்ல தோணுச்சு. அதை மறைச்சு எழுதறதுல அர்த்தம் இல்ல. வண்டியைப் போட்டுட்டு இறங்கினேன். யாரு என்னான்னு கேட்கல. ஓரத்தைப் பிடிச்சு ஒரே இழுப்பு. கயிறெல்லாம் அறுந்து, மேல தேங்கியிருந்த தண்ணி மொத்தமும் குடிசைக்குள்ள கொட்டுச்சு. உள்ளே கூரைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. மக்கிப்போன கீத்து ரெண்டு, அவ்ளோதான். அடுப்பு அணைஞ்சு புகை கிளம்புது. உலையில பாதி வெந்த சோத்துல சேத்துத் தண்ணி. ஒரு பொண்ணு கைக்குழந்தையைப் புடவைக்குள்ள மூடிக்கினு மூலையில ஒண்டி நிக்குது. அப்பாவைத் தூக்கிக்கினு ஓடியாந்தவரோட சம்சாரம்.

திருடினீங்களான்னு கேட்டுக் கத்தினேன். அது திருப்பிக் கத்தல. குழந்தையை மார்போட அணைச்சுக்கினே சொல்லுச்சு. எங்க அப்பாவை அவங்க நைனான்னுதான் கூப்பிடுவாங்க.

"காத்துல வியுந்து சேத்துல கெடந்துச்சுணா. மாடெல்லாம் மிதிச்சுக்கினு போவுது. நைனா மூஞ்சாச்சேன்னு எடுத்தாந்து கயுவிப் போட்டோம். வெளிப்பக்கம் வெச்சா மூஞ்சி மேல மய பெய்யுமேன்னு உள்பக்கம் பார்க்க வெச்சோம். படுத்துக்கினு பார்த்தா நைனா எங்களையே பார்த்துக்கினு கீறாப்பல இருக்கும்."

கையில பிடிச்சிருந்த பேனரைப் பார்த்தேன். அப்பா முகம் ஒரு தூசி இல்லாம பளிச்சுன்னு இருந்துச்சு. பஸ் ஸ்டாப்ல நின்னப்போகூட அவ்ளோ சுத்தமா இல்ல.

அப்பவாவது திரும்பக் கட்டிவிட்டு வந்திருக்கணும். நான் செய்யல. அந்தப் பொண்ணு சொன்னதையெல்லாம் கேட்டப்புறமும் அதைச் சுருட்டி பைக்ல வெச்சுக்கினு வந்தேன். விட்டுட்டு வந்தா நான் தப்புன்னு ஆயிடுமே! அன்னிக்கு சாயந்திரமே மழை பிடிச்சுக்கிச்சு, விடிய விடிய ஓயல.

வீட்டுல அம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். அம்மா எனக்குப் பரிஞ்சு பேசுவாங்கன்னு நெனச்சேன்.

"சாவறதுக்கு முன்னால உங்கப்பா உன்னாண்ட தார்ப்பாய் வாங்கியாடான்னு எத்தினி வாட்டி கேட்டாரு? யாருக்குன்னு நெனச்ச? அந்த வூடு ஒயுவுது, கைக்கொயந்த கீதுன்னு அவங்களுக்குத்தான்டா கேட்டாரு. செத்தவருக்குக் கொட குடுத்தியே, இன்னாத்துக்கு?"

ஆமாம், கேட்டார். நான் கம்பெனி வேலை விட்டு வரும்போதெல்லாம் கேட்டார். களத்துல நெல்லு மூடத்தான் கேட்கறார்னு நெனச்சு, அறுப்புக்கு இன்னும் நாள் இருக்குதேன்னு தள்ளிக்கினே வந்தேன். யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேனான்னா, சத்தியமா தெரியல.

மறுநாள் லீவு போட்டுட்டு, உத்திரமேரூர் போய் இருக்கறதுலயே பெரிய தார்ப்பாயா வாங்கிக்கினு அந்தக் குடிசைக்குப் போனேன். அப்பாவைத் தூக்கியாந்த அந்த மனுஷன் நனைஞ்ச துணியெல்லாம் வெளியே காயப் போட்டுக்கினு இருந்தார். குழந்தைக்கு மூச்சு இழுக்குதுன்னு அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துச்சு. தெரியாம செஞ்சுட்டேன்னு சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தார்ப்பாயை ரெண்டு கையாலயும் வாங்கிக்கினார். பேனரையும் கொண்டாந்திருக்கேன், வெச்சுக்கங்கன்னு நீட்டினேன். அதை அவர் தொடல.

"அது வாணாம்ணா. உங்க வூட்டு சொத்து. மறுபடி நீங்க வந்து இயுத்தீங்கன்னா புள்ளைங்க பயப்படும்."

கோபமா சொல்லியிருந்தாக்கூட பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமா, துணியைப் பிழிஞ்சுக்கினே சொன்னார். வந்த வழியே வண்டியைத் திருப்பினேன்.

குழந்தை பத்து நாள்ல தேறிடுச்சு. அதுக்காவது நான் நிம்மதிப்பட்டுக்கணும். ஆனா பொங்கலுக்கு அப்புறம் அவங்க எங்க கழனிக்கு வேலைக்கு வரல. பங்காளி கழனிக்குப் போறாங்க. வழியில பார்த்தா அவர் ஒதுங்கி நின்னு எனக்கு வழி விடறார், முன்ன மாதிரியேதான். டீக்கடையில திட்டினதுக்குப் பங்காளிகிட்டயும் நான் இன்னும் மன்னிப்பு கேட்கல. கேட்கணும்னு நெனச்சுக்கினே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

வருஷா வருஷம் அப்பாவுக்கு திதி குடுக்கறேன், ஐயர் வர்றார், படையல் போடறேன். பேனர் பரண் மேல சுருட்டின மேனிக்கு இருக்குது. போன மாசம் இறக்கிப் பார்த்தா, அப்பா முகத்துல எலி கடிச்சு ஓட்டை போட்டிருக்குது. மாட்டவும் மனசு வரல, எரிக்கவும் மனசு வரல. மறுபடியும் மேலயே தூக்கிப் போட்டுட்டேன்.

ஊர் பார்க்கணும்னு அப்பாவை இருபது அடிக்கு நிக்க வெச்சேன். அவர் முகத்துல ஒரு சொட்டு மழை படக்கூடாதுன்னு நெனச்ச ஒரே வீட்டுலேர்ந்து அவரை இழுத்துக்கினு வந்ததும் நான்தான்னு, ஒவ்வொரு ஐப்பசியும் மழை என் வீட்டு ஓட்டு மேல விழுந்து சொல்லிட்டுப் போவுது.