நிற்க விடாத ஸ்விட்ச்

போன வாரம் எங்கள் லேக் கார்டன்ஸ் அபார்ட்மென்ட்டில் ஒரு மனிதருக்கு மூச்சு நின்றுபோயிருக்கும். காரணம் என்ன தெரியுமா? எங்கள் ஜெனரேட்டர் நிற்காமல் ஓடியதுதான்.

இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். கால்பைசாகி — வெயில் காலத்தில் இங்கே திடுதிப்பென்று அடிக்கும் புயல்மழை. தெருமுனையில் மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்து கரண்ட் போனது. கீழே ஜெனரேட்டர் உறுமியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர் ஃப்ளாட் மிதாலி பௌதி கதவைத் தட்டினார். வங்க மொழியில் பௌதி என்றால் அண்ணி, தீதி என்றால் அக்கா, பெயரோடு 'தா' சேர்த்தால் அண்ணா. இங்கே அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தீதி, இவரோட மிஷின் கருகிப் போச்சு. புகை வருது."

அவர் கணவர் தபன்தாவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினோம். இரண்டு மணி நேரம் தாங்கும். வாடகைக்கு வேறு மிஷின் பெஹாலாவிலிருந்து மழையோடு மழையாக வந்தும்விட்டது. ஆனால் அதை எதில் செருகுவது?

இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு இன்ஜினீயராகக் குப்பை கொட்டியவள் நான். வீட்டில் மீட்டர் இருக்கிறது. ப்ளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தேன். 230 காட்ட வேண்டிய இடத்தில் 290. கொஞ்ச நேரத்தில் 240. மறுபடி 285. இதில் செருகினால் இரண்டாவது மிஷினும் காலி.

கீழே ஓடினேன். எங்கள் ஜெனரேட்டர் ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட பழசு. ஹவுராவில் ஒரு பழைய மிஷின் வியாபாரியிடம் வாங்கியது. பச்சைப் பெயின்ட்கூட மாறவில்லை. பக்கத்தில் அசோசியேஷன் செயலாளர் நடராஜன் சார், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், குடையோடு நின்றிருந்தார்.

"நீங்க எதுக்கு மேடம் சிரமப்படுறீங்க? மெக்கானிக்குக்குப் போன் போட்டிருக்கேன். ஏ.வி.ஆர். போயிருக்குமாம். ஏற்கெனவே ரெண்டு தடவ மாத்தியாச்சு."

ஏ.வி.ஆர். என்பது வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி. இரண்டு முறை மாற்றியும் அதே கோளாறு என்றால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்ற வேண்டாமா? யாருக்கும் தோன்றவில்லை.

மெயின் பிரேக்கரை இறக்கினேன். யார் வீட்டுக்கும் கரண்ட் போகாமல் ஜெனரேட்டரை மட்டும் ஓடவிட்டு அளந்தேன். வெளியே வருவது 290. ஆனால் அந்தப் பெட்டிக்கு "இப்போது வோல்டேஜ் இவ்வளவு" என்று சேதி கொண்டுபோகும் இரண்டு கம்பிகளில் வெறும் 160. பாவம், பெட்டி என்ன செய்யும்? குறைவாக இருக்கிறது என்று நம்பி மேலும் மேலும் ஏற்றிவிட்டிருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் கம்பிகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்தது. திருகு லூஸ். முனை கறுத்துப் போயிருந்தது. சுரண்டி, திருகை இறுக்கினேன். மறுபடி ஓட்டியதும் 231. அசையவில்லை.

மேலே சிலிண்டர் முள் சிவப்பைத் தொடும்போது புது மிஷினைச் செருகினோம். பௌதி சுவரில் சாய்ந்து அழுதார்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வோல்டேஜ் இவ்வளவு ஏறினால் ஜெனரேட்டர் தானாகவே நின்றிருக்க வேண்டுமே? ஏன் நிற்கவில்லை?

திரும்பிப் போய் பேனலைப் பார்த்தேன். ஒரு ஸ்விட்சின் சிவப்பு மூடி திறந்தபடி ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தது. ராணுவ மிஷினுக்கென்றே உள்ள ஸ்விட்ச் அது. யுத்த களத்தில் மிஷின் எரிந்தாலும் பரவாயில்லை, கரண்ட் நிற்கக் கூடாது என்கிற நிலைமைக்கு. அதைப் போட்டால் எல்லாப் பாதுகாப்பும் ரத்து. போட்டிருக்கிறார்கள் என்று எச்சரிக்க ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப்.

"இது எப்பலேர்ந்து சார்?"

"போன அக்டோபர் பூஜை சமயத்துலேர்ந்து மேடம். பொசுக்கு பொசுக்குன்னு நின்னுகிட்டே இருந்துச்சு. மெக்கானிக் இதத் தூக்கி விட்டான். அதுக்கப்புறம் ஒரு தடவகூட நிக்கல." பெருமையாகவே சொன்னார்.

"டேப்பு?"

"லைட்டு எரியவும் போறவங்க வர்றவங்க எல்லாம் என்னன்னு கேக்குறாங்க. பதில் சொல்லி மாளல."

எனக்கு ரத்தம் கொதித்தது. "தபன்தாகிட்ட வந்து இதச் சொல்லுங்க சார்" என்றேன். அவர் குடையை மடக்க ஆரம்பித்தார்.

ஆறு மாதம்! அதற்கு முன் 'இங்கே ஏதோ தப்பு' என்று மிஷின் நின்று நின்று சொன்னது. தப்பைத் தேடினோமா? சொன்ன வாயை அடைத்தோம். நடுவில் எத்தனை வீட்டில் டிவி போனது, பல்பு போனது... கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு வேறு வாங்கிப் போட்டோம். நம் ஆபீஸ்களிலும் இதே வைத்தியம்தானே? கோளாறைச் சொல்கிறவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் கோளாறு தீர்ந்ததாகக் கணக்கு. கோபப்படாமல் என்ன செய்ய?

ஸ்விட்சை இறக்கி, மூடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்.

நேற்று மறுபடி கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடிய பத்தாவது நிமிஷம் தானாகவே நின்றது. பால்கனி பால்கனியாகக் கூச்சல். மேட்ச் போச்சு, மீட்டிங் போச்சு... வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் நாறியது.

"பாத்தீங்களா மேடம்? அந்த ஸ்விட்சையே போட்டுரலாம்" என்றார் நடராஜன் சார்.

போய்ப் பார்த்தால் எஞ்சின் கொதிக்கிறது. எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் வாயை அடைத்துக்கொண்டு, தார்ப்பாய் போர்த்திய ஒரு ஸ்கூட்டர். யாருடையது? செயலாளருடையதுதான். அதைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தபன்தா. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சிலிண்டர் மாட்டியாச்சு தீதி... நின்னதும் நல்லதுதான். நிக்காம ஓடினப்பதான... என் மிஷின் போச்சு. மெதுவா... நல்லாப் பாத்துட்டுப் போடுங்க."

முப்பத்திரண்டு ஃப்ளாட்டில் நேற்று அவசரப்படாத ஒரே ஆள், மூச்சுக்குத் தவிக்கிறவர்தான்.