இரண்டு கரை தெரிந்த கடல்

என் கலியாணப் படத்தில் என் முகத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். நெற்றியில் தொடங்கி இரண்டு கன்னத்திலும் இறங்கித் தாடையில் முடியும். படத்தைக் கழுவும்போது படக்காரன் பழுதாக்கிவிட்டான் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பாவம், அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. அது ராடாரின் ரப்பர் மூடி பதிந்த தடம்.

பாதைகள் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த யுத்த காலம் அது. வாழைச்சேனை மீனவர் சங்கம் ஒன்றுக்கு வெளிநாட்டுக்காரர் ஒரு பெரிய போட்டை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அதில் ராடாரும் இருந்தது. சங்கத்தில் எவருக்கும் அதை இயக்கத் தெரியாது. நான் வளைகுடா நாடொன்றில் இழுவைக் கப்பலில் வேலை செய்துவிட்டு வந்தவன். சொந்த ஊர் மூதூர்ப் பக்கம். என்னைத் தேடிப் பிடித்து வேலைக்குச் சேர்த்தார்கள்.

போட்டின் கபின் கூரையில் வெள்ளையாக, மூடிய கேக் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள்ளே ஒரு தட்டு சுற்றிச் சுற்றி அலையை அனுப்பும். எதிரில் எது பட்டாலும் அலை திரும்பி வந்து, கபினுக்குள் இருக்கும் திரையில் பச்சைப் பொட்டாக விழும். பகல் வெளிச்சத்தில் திரை மங்கலாகத் தெரியும் என்பதால் அதற்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. மூஞ்சியை அதற்குள்ளே அழுத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் கொஞ்சம் முன்கோபக்காரன். ராடார் விஷயத்தில் அந்தக் கோபம் எனக்கு நன்றாக உதவியது. மீன் கையோடு ஒருவரும் திருகைத் தொடக் கூடாது. மழையை அழிக்கிற திருகை முழுக்கத் திருப்பக் கூடாது, திருப்பினால் மழையோடு சேர்த்துச் சின்ன வள்ளங்களும் திரையில் அழிந்துபோகும். ராடார் ஓடும்போது கபின் கூரையில் ஏறக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைப் பொடியன்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதனால், "ஏறினவனுக்குப் பிள்ளை பிறக்காது" என்று ஒருநாள் ஒரு புளுகு அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒரு காகத்தைத்தான் கண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. திரை ஒரு கண், கபின் கண்ணாடி மற்றக் கண். இரண்டும் சண்டை பிடித்தால் எஞ்சினை நிறுத்து. யோசித்த பிறகு ஓடு.

போட்டை ஓட்டும் தண்டயல் கல்குடாக்காரர். சுக்கானைப் பிடித்தால் பாட்டுப் பாடாமல் இருக்கத் தெரியாது அவருக்கு. என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அந்தச் சிரிப்பு முற்றித் தன் தங்கையையே எனக்குக் கலியாணம் பேசினார். பேச்சு நடக்கும் நாளில் ஒருமுறை போட்டைக் காட்டுவதாகச் சொல்லி அவளையும் தாயையும் துறைக்குக் கூட்டி வந்தார். நான் பெரிய விரிவுரை நடத்தினேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இதில மனிசர் தெரியுமா?"

"மனிசர் தெரியா. இரும்பு, தகரம், சட்டி பானை எண்டாத் தெரியும்" என்றேன்.

"அப்ப சட்டி பானைக்கு இரிக்கிற மதிப்பு மனிசருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே மனம் விழுந்துவிட்டது.

கலியாண நாள் குறித்தார்கள். நான் ஊருக்குப் போய்த் தாயையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிற அன்று சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். தகவல் சொல்ல வழியில்லை. கல்குடாவில் பந்தல், சோறு, மேளம் எல்லாம் தயார். அவள் சோடித்த தலையோடு மணவறையில் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளைதான் இல்லை. நான் உயிரோடிருக்கிறேன் என்ற செய்தியே பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. அவளுடைய தாய்மாமன் சபையில் எழும்பி நின்று சொன்னாராம்: "இன்னொரு நாள் குறிங்க, வேணாமெண்டு சொல்லல்ல. அண்டைக்கும் வரல்லயெண்டா வேற இடம் பாப்பம். எங்கட புள்ள ரெண்டுதரம் இப்பிடி இரிக்க ஏலா." அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

தை மாதத்தில் பின்னேர முகூர்த்தமாக இரண்டாம் முறை நாள் குறித்தபோது தண்டயலே வழியும் சொன்னார். தரை பூட்டினால் என்ன, கடல் இருக்கிறதே. கடற்படையிடம் அனுமதி எடுத்தார். வெள்ளைக் கொடி கட்ட வேண்டும், பகலில் மட்டும் ஓட வேண்டும், சொன்ன பாதையை விட்டு விலகக் கூடாது, விலகாமலிருக்க ராடாரைப் பார்த்தபடியே வர வேண்டும். ராடாரைப் பார்க்க மாப்பிள்ளையை விட்டால் வேறு ஆள் ஏது?

இப்படித்தான் நான் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, ரப்பர் மூடிக்குள் மூஞ்சியை வைத்தபடி என் கலியாணத்துக்குப் புறப்பட்டேன். பட்டைப் பிறகு உடுக்கலாமே என்று அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். வீட்டு வாசலை விட்டு இறங்கும்போதே மாப்பிள்ளைக் கோலம் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

முந்தின நாளே எங்கள் ஊர்த் துறைக்குக் கொண்டுவந்து நிறுத்திய போட்டைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவியிருந்தோம். ஆனாலும் மீன் போட்டு மீன் போட்டுதான். அம்மா ஏறியதுமே மூக்கைப் பொத்தினாள். அவள் கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்தான் கூறைச் சேலையும் தாலியும். அதை மீன் வாடை பட்ட பலகையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் உள்ளே திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே அம்மாவும் அக்காவும் போட் முழுக்கச் சுத்தமான இடம் தேடியிருக்கிறார்கள். இந்தப் போட்டில் மீன் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதை அப்படிச் சுத்தமாக வைத்திருந்ததும் நான்தான்.

விடிந்த கையோடு வெளிக்கிட்டோம். கரை வலப்பக்கம், திறந்த கடல் இடப்பக்கம். தண்டயல் பாடினார், அக்கா கூடவே கை தட்டினாள். நான் அகலத் திரையில் தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் இருந்தது, கரை கண்ணுக்கே தெரிந்தது, குறை ஒன்றும் இல்லை.

மத்தியானம் தாண்டி, கல்குடாப் பக்கம் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கபின் கண்ணாடிக்கு முன்னே வெள்ளைச் சீலை கட்டிய மாதிரி. போட்டின் மூக்குகூடத் தெரியவில்லை. நான் திரையைக் கிட்டத் தூரத்துக்கு மாற்றி, மழைத் திருகைப் பாதி திருப்பி, மூஞ்சியை அழுத்தி வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் கரை, பச்சைக் கோடாக. சரி. இடப்பக்கமும் கரை.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இடப்பக்கக் கரை அப்படியேதான் இருந்தது.

"மச்சான், ரெண்டு பக்கமும் கரை தெரியுது."

"ரெண்டு கரை வாவிக்குத்தானே" என்று தண்டயல் சிரித்தார். "நாங்க என்ன கொக்கட்டிச்சோலைக்கு வாவி கடக்கிற தோணியிலயா போறம்?" பிறகு திசைகாட்டியைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இதுவும் கோணலா நிக்கிற மாதிரிக் கிடக்கு. மழைக்க திசை மாறிக் கிறுகிற்றமோ தெரியா. சரி விடு, நான் வலம் கிறுகுறன். துறை வாய் கிட்டத்தான். நேரம் போகுது மச்சான், முகூர்த்தம் தப்பினா மாமாவ உனக்குத் தெரியாது."

மாமா எனக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தார். ஆனால் அந்தத் துறை வாய்க்கு முன்னால் தண்ணீருக்குள் கிடக்கும் முருகைக்கல் பாறைகளும் எனக்குத் தெரியும். போட்டைக் கிழிக்க அதில் ஒன்று போதும். என் பின்னால் அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள். கரையில் ஒருத்தி இரண்டாம் முறையாகத் தலை சோடித்துக்கொண்டிருப்பாள். பிந்திப் போனால் அவளை இழப்பேன். பிழையாகத் திரும்பினால் எல்லாரையும் இழப்பேன்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

"என்ன?"

"எஞ்சினை நிப்பாட்டுங்க மச்சான்!"

முன்கோபக்காரன் கத்தினால் ஆட்கள் கேட்டுவிடுவார்கள். எஞ்சின் அடங்கியது. தன் கலியாணத்துக்குப் போகும் வழியில் போட்டை மறித்த மாப்பிள்ளை கிழக்கு மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போட் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. அக்கா வாளியைத் தேடினாள். அம்மா ஊரிலுள்ள தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினாள்.

நான் யோசித்தேன். பிறகு மெல்ல எஞ்சினைப் போட்டு மூக்கை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். தண்டயல் திருப்பினார். திரையில் இரண்டு கரையும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன, இரட்டைக் கதவைச் சாத்துகிற மாதிரி. உண்மையான கரைகள் என்றால் இரண்டும் ஒரே பக்கமாக அல்லவா நகர வேண்டும்? ஒன்று கரை, மற்றது அதன் நிழல். கூரையில் ராடாருக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று கண்ணாடி மாதிரி நின்று வலப்பக்கத்தை இடப்பக்கமாகக் காட்டுகிறது. காலையில் தூரத்தை மட்டும் பார்த்து வந்ததால் அது என் கண்ணில் படவில்லை.

"கூரையில என்ன கிடக்கு?" என்று கத்தினேன்.

அம்மா தெய்வங்களை நிறுத்தினாள். "பெட்டி மனே. கூறைப் பெட்டி. அங்கதான் மீன் வாடை இல்ல. அது ஓட முந்தியே அக்கா ஏறிக் கட்டிற்றா."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ராடாரை நிறுத்தி, அதன் பியூசைக் கழற்றி வேட்டி இடுப்பில் சொருகிக்கொண்டேன். மேலே ஏறுகிறவன் இடுப்பில் பியூஸ் இருந்தால் கீழே இருப்பவன் மறந்தும் போட முடியாது. கபின் ஏணியில் கால் வைத்தபோது அம்மா பின்னால் வந்து வேட்டியைப் பிடித்தாள். என் சட்டம் மூதூர் வரைக்கும் போயிருக்கிறது.

"ஏறாத மனே! பிள்ளை பிறக்காதெண்டு நீதானே சொன்ன! கலியாண நாளில ஏறப் போறானே!"

"அது ஓடல்லம்மா. பியூஸ் என்ட இடுப்பில."

அவள் நம்பவில்லை. தண்டயல் தங்கையின் தலைமேல் சத்தியம் செய்த பிறகுதான் வேட்டியை விட்டாள். அந்த மழையில் கூரையில் தவழ்ந்து போனேன். வெள்ளை மூடிக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல், தகரப் பெட்டி கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு பொலித்தீன் சுற்றி, மிக ஒழுங்காக நின்றது. நேர் கீழேதான் திசைகாட்டி. அதையும் கோணலாக்கியது இந்தப் பெட்டிதான். அவிழ்த்து இறக்கி அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், துறை வரும்வரை கீழே வைக்கவில்லை.

பியூசைப் போட்டு மூஞ்சியை மூடிக்குள் வைத்தேன். ஒரு கரை. வலப்பக்கம். அதில் துறை வாயின் இடைவெளி. தண்டயலுக்குச் சொல்லிச் சொல்லி மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். இடைவெளியின் நடுவில், முன்னொருநாளும் இல்லாத இடத்தில், பளிச்சென்று ஒரு பொட்டு நின்றது. மழைத் திருகை முழுக்கத் திருப்பியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும்.

"வாயில என்னவோ நிக்குது மச்சான். அசையல்ல."

"அங்க ஒண்டும் இல்லையே" என்றார் தண்டயல். வேகத்தை இன்னும் குறைத்தார். மழைக்குள்ளிருந்து முதலில் ஒரு சின்ன வள்ளம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கம்பத்தில், ஓட்டமாவடியில் வாடகைக்கு எடுத்த அலுமினியச் சோற்றுக் கிடாரம் கவிழ்த்துக் கட்டியிருந்தது. அது சாயாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, தெப்பமாக நனைந்து, அவளுடைய தாய்மாமன்.

"வந்திற்றிங்களா கா!" என்று கத்தினார். "சட்டி பானைதான் தெரியுமெண்டு நீ சொன்னயாமே மருமகன். கிடாரத்த வள்ளத்தில ஏத்தினாத்தான் தலை சோடிப்பன் எண்டிற்றா புள்ள. மணவறையில போய் இரிக்கவே மாட்டனெண்டு அழுகை. சோறு இன்னும் அடுப்பில ஏறல்ல. மறுகா என்ன செய்ய, நான் வந்து இத புடிச்சிக்கு இரிக்கன்!"

முகூர்த்தத்தின் கடைசிப் பகுதியைப் பிடித்துவிட்டோம். சோறுதான் பிந்தியது. அதனால் நாங்கள் பிந்திவிட்டோம் என்று ஒருவரும் வாய் திறக்க முடியவில்லை.

தாலி கட்டக் குனிந்தபோதுதான் அவள் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வளையத்தைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "தெரிஞ்சதா?" என்றாள்.

"தெரிஞ்சது."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. முதல் தரம் மணவறையில் இருந்தபோது மாப்பிள்ளை வரவில்லை என்ற வெட்கம் தனக்கு வரவேயில்லை, பயம்தான் வந்தது என்று பிற்காலத்தில் சொன்னாள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று அந்த வருடங்களில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தோடு இன்னொரு தரம் உள்ளே இருக்க முடியாது என்றுதான் சமையற்காரரிடம் கிடாரத்தைப் பிடுங்கியிருக்கிறாள்.

"கிடாரமா தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

"நீதான் தெரிஞ்ச" என்றேன்.

அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள், படக்காரன் அமுக்கினான். படத்தில் என் முகத்தில் வளையம், அவள் முகத்தில் சிரிப்பு. பின்னால் மாமன், வெள்ளைச் சட்டையின் நெஞ்சு முழுக்கக் கிடாரத்துக் கரி.