உயரத்துக்கு ஆசைப்பட்ட மகள்

போன வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பெங்களூரு விவேக் நகரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தை இயேசு கோவிலில் சாயங்காலச் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. அருகில் முழங்காலிட்டிருந்த என் பத்து வயது மகளைத் திரும்பிப் பார்த்தால், தோள்பட்டை ஏறி ஏறி இறங்குகிறது, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது. ஐயோ, எனக்குத் தெரியாததா? ஆஸ்துமா! பையிலிருந்த அவசர இன்ஹேலரை எடுத்து அங்கேயே கொடுத்தேன். அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்த பிறகுதான் பிள்ளை முகத்தில் ரத்தம் வந்தது. அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா, "தினமும் இழுக்கற ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒழுங்கா போகுதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினம் காலையில் நான் தோசை ஊற்றும்போது, ஹாலில் அவள் அதை அழுத்தும் சத்தம் கேட்குமே! "ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன்.

கட்டிலிலிருந்து விசும்பல் வந்தது. "நான் விட்டுட்டேன் மம்மி. தவக்காலத்துக்கு."

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்குப் பிடித்த ஒன்றைச் சாமிக்காக ஒறுத்தலாக விடுவோம். என் வீட்டுக்காரர் கறியை விட்டார், நான் காபியை. மிட்டாயை விடுகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, இவள் ரகசியமாக மருந்தை விட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே அழுத்திவிட்டு, மருந்தை இழுத்தபின் செய்வதுபோல, ஒன்றும் தெரியாதவளாக வாயும் கொப்பளித்திருக்கிறாள்!

மாடி வீட்டில் இருக்கும் என் நாத்தனார், "ஸ்டீராய்டைக் குடுத்துக் குடுத்து கொழந்தைய குள்ளமாக்கறே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது இவள் காதில் விழுந்திருக்கிறது. இவளுக்கோ ஸ்கூல் த்ரோபால் டீமில் சேர ஆசை. மருந்தை ஒறுத்தால் குழந்தை இயேசு உயரம் கொடுப்பார் என்று நம்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடம் கலந்த தமிழில் பேசினார். "நோடு புட்டா, இங்க பாரு கண்ணு, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இதனால ஒயரம் கொஞ்சம் கம்மியாகலாம். ஒரு சென்டிமீட்டர் மாதிரி. அதுக்குத்தான் வரும்போதெல்லாம் உன்னை அளக்கறேன், எவ்ளோ கம்மியா குடுக்க முடியுமோ அவ்ளோதான் குடுக்கறேன். ஆனா மூச்சு முட்டிட்டு, தூக்கமும் இல்லாம கெடந்தா, அப்பவும் வளர்ச்சி கெடும். உசுருக்கே ஆபத்து."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் புகுந்த வீட்டில் என் பிடிவாதத்தைச் சொல்வார்கள். இருக்கட்டும். வீடு திரும்பியதும் நேரே மாடிக்குப் போனேன். "அக்கா, அவ ஒரு சென்டிமீட்டர் கம்மியா வளர்ந்தா நான் ஹீல்ஸ் வாங்கிக் குடுக்கறேன். மூச்சு நின்னா எந்தக் கடைல போய் நிப்பேன்? இனிமே அவ காதுல இந்தப் பேச்சு விழக் கூடாது" என்றேன். பாவம், அவரும் பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவர்தான். நடந்ததைச் சொன்னதும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

கீழே வந்தபோது மகள் சோஃபாவில் சாய்ந்திருந்தாள். "மம்மி, மருந்த விடக் கூடாதுன்னா, ஒயரமாகணும்ங்கற ஆசைய விட்டுடறேன். அது ஒறுத்தல்தானே?" என்றாள்.

அவளை இழுத்து அணைத்து, "அதையும் விடாதடி. ரெண்டையும் விடாத" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவள் முன்னால் நின்று, என் கையாலேயே அந்த மருந்தைக் கொடுக்கிறேன்; இன்னமும் யாராவது அதைப் பற்றிக் குறை பேசினால், சாமிக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் தன் மூச்சையே எடுத்துக் கொடுத்த என் பிள்ளைதான் கண்முன் வந்து நிற்கிறாள்.