வெடிக்குப் பின் இசை இல்லை

திரைப்படம், தொலைக்காட்சி, கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு இசையமைக்கக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்பு ஒன்று சென்னையில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டு ஒன்றில் அதில் சேர்ந்தேன். அதுவரை சிவகாசியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவள். இரண்டு வேலையிலும் பெண் நான் ஒருத்திதான் என்பதால், வகுப்பிலும் அப்படியே இருந்தது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

முதல் பருவத்தில் ஒரு நாள், கணினி விளையாட்டுக் காட்சி ஒன்றைத் திரையில் ஓட்டினார்கள். ஒரு கட்டடம் வெடித்துச் சிதறியது. அறையின் நான்கு மூலையிலும் பெரிய ஒலிபெருக்கிகள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். எழுந்தது எனக்கே தெரியாது.

பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான்: "என்ன, உங்க ஊர்ல இதுதான் தேசிய கீதமா?"

எங்கள் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் உடனே ஓடுவதில்லை, கத்துவதில்லை. கை வேலையை நிறுத்திவிட்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். பட்டாசுக் கம்பெனிகளில் சரக்கைச் சோதிக்க வெடித்துப் பார்ப்பது வழக்கம். அது ஒன்றோடு நிற்காது. கொஞ்சம் விட்டு இன்னொன்று வரும். வந்தால் வேலையைத் தொடரலாம். வராவிட்டால் எந்தப் பக்கம் புகை என்று பார்க்க வேண்டும். தாயில்பட்டியா, விஸ்வநத்தமா? அதன் பிறகுதான் ஓட்டமும் அழுகையும். நிருபராக அந்த இடைவெளியைப் பல தெருக்களில் பார்த்திருக்கிறேன். செய்தியில் அதை எழுத இடம் இருந்ததில்லை.

இறுதிப் பருவத்தில் இயக்கம் படிக்கும் தோழன் ஒருவனின் குறும்படத்துக்கு இசையமைப்பதுதான் எனக்கு வைத்த தேர்வு. படத்தில் ஒருத்தி வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் தங்கை பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவள். தூரத்தில் வெடிச் சத்தம். அவள் அப்படியே நிற்கிறாள். வெகுநேரம் கழித்துத் தொலைபேசி மணி அடிக்கிறது. படம் முடிகிறது. படம் முழுக்க இசை எழுதினேன். வெடியிலிருந்து மணி வரைக்கும் ஒன்றும் எழுதவில்லை.

துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "ஃபைல் காப்பி ஆகலையா?" என்றார்.

"அவ்வளவுதான் சார்."

"அந்த இடத்துலதாம்மா நீங்க தேவைப்படறீங்க. மத்த இடத்துல யார் வேணும்னாலும் வாசிச்சிடலாம். கேம் வகுப்புல என்ன சொன்னேன்? ஆடறவன் சும்மா நின்னாலும் மியூசிக் ஓடிட்டே இருக்கணும். நின்னா மெஷின் படுத்துடுச்சுன்னு நினைப்பான். இங்க ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நினைப்பாங்க."

பேசிக்கொண்டே கீபோர்டில் கை வைத்தார். கீழ் ஸ்தாயியில் வயலின்களின் ஒலி, அதன்மேல் ஒரு பெண்குரலின் முனகல். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இடத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால் அந்தத் தாளில் தேர்ச்சி கிடையாது, அது இல்லாமல் பட்டமும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கும் பட்டாசு ஆலையில்தான் வேலை. மாலையில் பக்கத்து வீட்டு அத்தையோடு தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டதற்கு அதில் மேளம், வீணை, இடி எல்லாம் ஒலித்தன. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, ரெண்டு வருசமா மெட்ராஸ்ல உக்காந்து, ஒண்ணும் வாசிக்காம இருக்கத்தான் படிச்சியாக்கும்?" என்றாள் அம்மா.

அத்தை விடவில்லை. "இம்புட்டுதானா? எங்க வீட்டு மனுசன் கல்யாணத்துலேருந்து வாயே தொறக்கல. அவுகளுக்கும் ஒரு பட்டம் வாங்கிக் குடுங்க மதினி."

"வாத்தியாரு கேட்டா என்னத்தையாவது தட்டிக் குடுத்துட்டு வாயேன். அங்கன போயி எதுக்கு வீம்பு?" என்றாள் அம்மா.

அப்போது வடக்கே ஒரு சத்தம் கேட்டது. அம்மா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுசாக அடைத்தாள். அத்தை வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோன காப்பி டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். திரையில் மாமியார் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு காலை ஊன்றியபடி வடக்கே பார்த்தார்.

இரண்டாவது சத்தம் வந்தது.

"டெஸ்டுதான்" என்றார் அத்தை. காப்பியைக் குடித்தார். சைக்கிள் போனது. அம்மா மீண்டும் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "அந்தப் பாத்திரத்த எடுத்துட்டாளா இல்லையாடி?" என்று கேட்டாள்.

ஒரு சுரமும் மாற்றாமல் சென்னைக்குத் திரும்பினேன்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் துறைத் தலைவரோடு உட்கார்ந்திருந்தார். வெடி முடிந்ததும் அறை உதவியாளர் எழுந்து ஒலிபெருக்கியின் வயரைப் பார்க்கப் போனார். "வயர் சரியாத்தான் இருக்கு, உட்காருங்க" என்றேன்.

"இந்த இடத்தை ஏன் காலியா விட்டீங்க?" என்றார் தேர்வாளர்.

"அவ இன்னொரு சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறா சார். நான் வாசிச்சா அவளுக்குக் கேக்காது."

"வாசிக்கறது படம் பார்க்கறவங்களுக்கு. அவளுக்கு இல்ல" என்றார் துறைத் தலைவர்.

"பார்க்கிறவங்களும் கேக்கட்டும்."

தோல்வி என்று வந்தது. வகுப்பில் மற்ற எல்லோரும் பட்டத்தோடு போனார்கள். நான் இன்னொரு பருவம் தங்கினேன். விளம்பரப் படங்களுக்குக் கீபோர்டு வாசித்து விடுதியில் சாப்பிட்டேன். அம்மா போனில், "முடிச்சியா, இல்ல இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்பாள்.

மறுதேர்வு அன்று துறைத் தலைவர் வாசலிலேயே கேட்டார்: "மாத்தியிருக்கீங்களா?"

"மாத்தியிருக்கேன் சார்."

பொய் இல்லை. தோழனிடம் போய், அந்தக் காட்சியை வெட்டிக் குறைக்காமல், எடுத்த முழு நீளத்துக்கும் வாங்கியிருந்தேன். படத்தில் தொலைபேசி மணி முன்பைவிடத் தாமதமாக அடித்தது. அதுவரை அவள் நின்றாள். அறையில் இருந்த நாங்களும் காத்திருந்தோம். துறைத் தலைவர் ஒருமுறை ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணை மட்டும் போட்டார். அதற்குமேல் ஒன்றும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.